வலி அடங்கிவிட்டது... கல் போய்விட்டதா?

சிறுநீரகக் கல்லுக்கு இன்று பல சிகிச்சைகள் இருக்கின்றன. எந்தக் கல்லுக்கு எது பொருந்தும்? எதுவரை காத்திருக்கலாம்? எப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது?

சிறுநீரகக் கல் வலியோடு வருபவரை அனுபவமுள்ள டாக்டர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். அவரால் படுக்க முடியாது, உட்காரவும் முடியாது. விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடப்பார், குனிவார், சுவரில் சாய்வார், வாந்தி எடுப்பார். குடல்வால் அழற்சி வந்தவர் அசையாமல் சுருண்டு கிடப்பார். இவருக்கோ எந்த நிலையிலும் நிம்மதி கிடைக்காது. விலாவில் தொடங்கும் வலி அடிவயிற்றில் இறங்கி, தொடை இடுக்கு வரைக்கும் பாயும். ஆண்களுக்கு விரைப்பை வரை இழுக்கும்.

ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டதும் அரை மணி நேரத்தில் வலி இறங்குகிறது. மறுநாள் அவர் வேலைக்குப் போய்விடுகிறார். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் சீட்டு சட்டைப்பையிலேயே மடிந்து கிடக்கிறது. வலிதான் இல்லையே, அப்புறம் எதற்கு ஸ்கேன் என்பது அவருடைய கணக்கு. சிறுநீரகத்தையே இழந்தவர்கள் பலருடைய கதை இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது.

வலிக்குக் காரணம் கல் ஏற்படுத்தும் அடைப்பு. சிறுநீரகத்துக்குள் கிடக்கும்வரை பெரும்பாலான கற்கள் இருப்பதே தெரியாது. கல் சிறுநீர்க்குழாய்க்குள் இறங்கி வழியை மறிக்கும்போது மேலே சிறுநீர் தேங்குகிறது. அழுத்தம் கூடிச் சிறுநீரகம் வீங்குகிறது. கல்லைக் கீழே தள்ளப் பார்த்துக் குழாய் இறுகுகிறது. உயிர் போகும் வலி அப்போதுதான் வருகிறது. அடைப்பு நீடித்தால் அந்தச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. சிறுநீர் உற்பத்தி குறைய, அழுத்தமும் குறைய, வலியும் தணிகிறது. கல் மட்டும் நகராமல் அதே இடத்தில் நிற்கிறது.

முழு அடைப்பு இரண்டு வாரங்களைத் தாண்டினால் நிரந்தரச் சேதம் தொடங்கிவிடலாம். மாதக்கணக்கில் கிடந்தால் அந்தச் சிறுநீரகம் வேலையையே நிறுத்திவிடும். மற்றொரு சிறுநீரகம் நன்றாக இருந்தால் முழுச் சுமையையும் அது ஏற்றுக்கொள்ளும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவுகூடப் பெரிய மாற்றம் காட்டாமல் போகலாம். எனவே வலி நின்றதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கல் வெளியேறிவிட்டதா என்பதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

'வலது சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் 6 மி.மீ. கல், லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ்.' ஸ்கேன் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சையை முடிவு செய்யத் தேவையான பெரும்பாலான தகவல் இந்த ஒரு வரியில் இருக்கிறது. முதலில் கல்லின் அளவு, அடுத்து அது நிற்கும் இடம். ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்பது சிறுநீர் தேங்கியதால் சிறுநீரகம் வீங்கியிருப்பதைக் குறிக்கிறது. அந்த வீக்கம் லேசானதா, கடுமையானதா என்பதைப் பொறுத்து அவசரம் கூடும், குறையும்.

சிறுநீர்க்குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம். அதன் உள்விட்டம் 3 முதல் 4 மி.மீ.தான். சிறுநீரகத்திலிருந்து புறப்படும் இடம், இடுப்பில் பெரிய ரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பையில் நுழையும் இடம் ஆகிய மூன்றும் குறுகலானவை. கற்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். கடைசி வாசல் வரை வந்துவிட்ட கல் தானாக வெளியேற வாய்ப்பு அதிகம். மேலேயே நிற்கும் கல்லுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எளிது, கதிர்வீச்சு இல்லாதது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் குழாயின் நடுப்பகுதியில் இருக்கும் கல்லை அது தவறவிடக்கூடும். எக்ஸ்-ரேயில் கால்சியம் கற்கள் தெரியும்; யூரிக் ஆசிடால் மட்டும் ஆன கற்கள் தெரியாது. சாய மருந்து ஏற்றாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேன் அநேகமாக எல்லாக் கற்களையும் காட்டிவிடும். கல்லின் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அளவில் சொல்லும். 1,000-க்கு மேல் இருந்தால் அது கடினமான கல், அதிர்வலைக்கு எளிதில் மசியாது என்று டாக்டர் கணிக்க அந்த எண் உதவுகிறது.

கற்களில் கால்சியம் ஆக்சலேட் வகையே மிக அதிகம். யூரிக் ஆசிட் கல், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றால் வளரும் ஸ்ட்ரூவைட் கல், பரம்பரையாக வரும் சிஸ்டைன் கல் ஆகியவையும் உண்டு. எந்த வகை என்பதைப் பொறுத்து மருந்தும் உணவும் தடுப்பும் மாறுகின்றன.

காத்திருக்கலாம், கெடுவோடு

5 மி.மீ.க்கு உட்பட்ட சிறுநீர்க்குழாய்க் கற்களில் மூன்றில் இரண்டு பங்கு தானாகவே வெளியேறிவிடுகிறது. 5 முதல் 10 மி.மீ. வரையுள்ள கற்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை வெளியேறும். காய்ச்சல் இல்லை, வலி கட்டுக்குள் இருக்கிறது, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்றால் 4 முதல் 6 வாரம் வரை காத்திருப்பது முறையான மருத்துவமே. ஆனால் அந்தக் காத்திருப்புக்குள் மறு ஸ்கேன் எடுக்கும் தேதி ஒன்று கட்டாயம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த நாள்களில் வலிக்கு முதல் தேர்வு டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள். ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் இவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி நாள்கணக்கில் விழுங்குவது எவருக்குமே ஆபத்து. குழாயின் கீழ்ப்பகுதியில் நிற்கும், 5 மி.மீ.க்கு மேற்பட்ட கல் இறங்குவதற்கு டாம்சுலோசின் மாத்திரை தரப்படுவது உண்டு. பிரிட்டனில் நடந்து 2015-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், எல்லா வகைக் குழாய்க் கற்களையும் சேர்த்துப் பார்த்தபோது இதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. எனவே யாருக்குத் தருவது என்பதை டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கடும் வலி இருக்கும் நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கல் அடித்துக்கொண்டு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. அடைத்துக் கிடக்கும் குழாய்க்கு மேலே இன்னும் நீர் சேர்ந்தால் வலிதான் கூடும். தாகத்துக்குக் குடித்தால் போதும். நிறையத் தண்ணீர் உதவுவது, அடுத்த கல் உருவாகாமல் தடுப்பதற்கு.

காத்திருக்கும் நாள்களில் ஒரு பழைய டீ வடிகட்டியைக் குளியலறையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரை அதில் வடித்துப் பாருங்கள். மணல் போலவோ, கடுகு அளவிலோ கல் சிக்கினால் கழுவிக் காயவைத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுங்கள். அதைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் கல் எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

இவை இருந்தால் உடனே புறப்படுங்கள்

கல்லோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. அடைப்புக்கு மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி, ரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தை வீழ்த்திவிடலாம். அங்கே ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது. முதலில் சிறுநீர் வடிய வழி செய்ய வேண்டும். சிறுநீர்ப்பை வழியாக ஸ்டென்ட் வைப்பார்கள். அல்லது முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்துக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகுவார்கள். கல்லை எடுப்பது தொற்று அடங்கிய பிறகுதான். 'கல்லை எடுக்கச் சொன்னால் குழாயை மட்டும் வைத்து அனுப்பிவிட்டார்களே' என்று வருத்தப்படும் குடும்பங்கள் உண்டு. அந்தக் குழாய்தான் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

சிறுநீர் அறவே வராமல் போவது, ஒற்றைச் சிறுநீரகம் மட்டுமே உள்ளவருக்கு அடைப்பு வருவது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடைப்பு, ஊசிக்கும் அடங்காத வலி, ஓயாத வாந்தி, கர்ப்பக் காலத்தில் வரும் விலாவலி ஆகியவற்றுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உடைக்கும் வழிகள் மூன்று

1980 பிப்ரவரி 7 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் கிடத்தி, உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி, உள்ளே இருந்த சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் டாக்டர் கிறிஸ்டியன் சௌசி. கருவியைச் செய்து தந்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். அதிவேக விமானத்தின் மீது மழைத்துளி மோதும்போது என்ன நடக்கிறது என்று அங்கே நடந்த ஆராய்ச்சியில் பிறந்த யோசனை அது. கத்தியே படாமல் கல்லை நொறுக்கலாம் என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

இன்று தொட்டி கிடையாது. ஜெல் தடவிய மெத்தை போன்ற பரப்பில் முதுகை வைத்துப் படுத்தால் போதும். ஈ.எஸ்.டபிள்யூ.எல். என்று சொல்லப்படும் இந்தச் சிகிச்சை ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும். சீரான தட்டல் சத்தம் கேட்கும், முதுகில் சுண்டுவது போல இருக்கும். பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பலாம். அடுத்த சில நாள்களில் கல் தூள் தூளாகச் சிறுநீரில் வரும். சிறிது ரத்தமும் வரும். 2 செ.மீ.க்கு உட்பட்ட, மிகக் கடினமில்லாத சிறுநீரகக் கற்களுக்கு இது ஏற்றது. சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள பெரிய கல்லுக்குப் பலன் குறைவு. உடைந்த துண்டுகள் மேலேறி வெளியேற முடியாமல் அங்கேயே தங்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை செய்ய நேரலாம். கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும், தொற்று அடங்காதவர்களுக்கும் இது கூடாது. ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வழி, சிறுநீர் வரும் பாதையிலேயே மெல்லிய கருவியை உள்ளே செலுத்துவது. உடலில் வெட்டு இருக்காது. மயக்க மருந்து தேவை. குழாயில் உள்ள கல்லுக்கு யூரெட்டரோஸ்கோப்பி. வளைந்து கொடுக்கும் கருவியைச் சிறுநீரகத்துக்குள்ளேயே கொண்டுபோய் லேசரால் கல்லைப் பொடியாக்குவது ஆர்.ஐ.ஆர்.எஸ். ஹோல்மியம் லேசர் எந்த வகைக் கல்லையும் உடைக்கும். குழாயின் கீழ்ப்பகுதிக் கல்லுக்கு இது மிகச் சிறந்த முறை. 2 செ.மீ.க்கு உட்பட்ட சிறுநீரகக் கல்லுக்கும் நல்ல தேர்வு. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

மூன்றாவது, பி.சி.என்.எல். கல் 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, மான்கொம்பு போலக் கிளைவிட்டுச் சிறுநீரகத்தை நிறைத்திருந்தாலோ இதுதான் முதல் தேர்வு. முதுகில் ஒரு செ.மீ. அளவுக்குத் துளையிட்டு, நேராகச் சிறுநீரகத்துக்குள் போய்க் கல்லை உடைத்து எடுத்துவிடுவார்கள். 1976-இல் சுவீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். இப்போது துளை இன்னும் சிறிதாகி, 'மினி' என்ற பெயரில் பல ஊர்களில் செய்கிறார்கள். ஒரே தடவையில் பெரும்பகுதிக் கல்லை அகற்றிவிடலாம் என்பது இதன் பலம். ரத்தக் கசிவும் தொற்றும் இதில் கவனிக்க வேண்டிய ஆபத்துகள். சில நாள் மருத்துவமனையில் தங்க வேண்டும். வயிற்றைக் கிழித்துச் செய்யும் பழைய அறுவை சிகிச்சை இன்று மிக அபூர்வம்.

'எது லேட்டஸ்ட்?' என்று டாக்டரிடம் கேட்பதில் பயன் அதிகமில்லை. 'என் கல்லின் அளவுக்கும் இடத்துக்கும் எது பொருந்தும்? எத்தனை தடவை செய்ய வேண்டியிருக்கும்? மிச்சத் துண்டு தங்க வாய்ப்பு எவ்வளவு?' என்று கேளுங்கள். செலவைக் கண்டு சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளில் சிறுநீரியல் துறை இயங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் வருமா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

உள்ளே இருக்கும் ஸ்டென்ட்டை மறந்துவிடாதீர்கள்

சிகிச்சை முடிந்ததும் பலருக்கு டி.ஜே. ஸ்டென்ட் வைப்பார்கள். இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது. ஒரு முனை சிறுநீரகத்தில், மறுமுனை சிறுநீர்ப்பையில் இருக்கும். சிறுநீர்க்குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளாமல் அது காக்கிறது. அது உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் முட்டும், கடுப்பு இருக்கும், அவ்வப்போது சிறுநீர் சிவக்கும். இவை எதிர்பார்க்கக்கூடியவை. காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த ஸ்டென்ட்டைச் சில வாரங்களில் வெளியே எடுத்துவிட வேண்டும். பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. சில பேருக்கு நாளடைவில் தொந்தரவு பழகிவிடுகிறது, வலியும் இல்லை, வேலை, திருமணம், வெளியூர்ப் பயணம் என்று ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். அதன் மேலேயே உப்பு படிந்து இரண்டு முனைகளிலும் கல் வளர்கிறது. இழுத்தால் வராது, இழுத்தால் உடையும். உரிய நாளில் சில நிமிடங்களில் எடுத்திருக்க வேண்டியதை, பிறகு பல அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டியதாகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஸ்டென்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எடுக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து, குடும்பத்தில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

வாழைத்தண்டும் சிறுபீளையும்

பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையும், நெருஞ்சிலும் கல்லடைப்புக்குச் சித்த மருத்துவம் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் மூலிகைகள். வாழைத்தண்டு நார்ச்சத்துள்ள நல்ல உணவு. அளவாகச் சாப்பிடுவதில் தவறே இல்லை. ஆனால் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்த கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைத்துவிடும் மருந்து இன்றுவரை எந்த முறையிலும் நிரூபிக்கப்படவில்லை. மருந்தால் கரையக்கூடியது முக்கியமாக யூரிக் ஆசிட் கல்தான். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் அது கரையும்.

'ஜூஸ் குடித்தேன், கல் போய்விட்டது' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. சிறிய கற்கள் பெரும்பாலும் தாமாகவே போகின்றன. வலியும் தானாக அடங்குவது உண்டு. சித்த மருத்துவரிடம் போவதானாலும், பதிவு பெற்ற மருத்துவராகப் பார்த்துப் போங்கள். தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் ஸ்கேன் எடுங்கள். இயற்கை என்பதற்காக எதையும் அளவின்றிக் குடிக்கவும் கூடாது. கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று நம்பி இரும்பன் புளிச் சாறு குடித்தவர்களுக்கு, அதிலுள்ள ஆக்சலேட்டால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

மறுபடி வராமல் இருக்க

ஒரு தடவை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் வருகிறது. அதைத் தடுக்க முடியும். இத்தாலியின் பார்மாவில் முதல் கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டு கண்காணித்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்த பிரிவில் 12 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல இருந்த பிரிவில் 27 சதவீதம் பேருக்கும் மீண்டும் கல் வந்தது. ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழிய வேண்டும் என்பதே குறி. நம் வெயிலில் அதற்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டியிருக்கும். வெளியில் உழைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். சிறுநீர் வெளிர் நிறத்தில் இருந்தால் சரியாகக் குடிக்கிறீர்கள் என்று பொருள். இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கல்லில் கால்சியம் இருக்கிறது, ஆகவே பாலையும் தயிரையும் நிறுத்திவிட வேண்டும் என்பது பரவலான தவறு. அதே பார்மா குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்ட ஆண்களில் 38 சதவீதம் பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல எடுத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் அது 20 சதவீதம்தான். உணவிலுள்ள கால்சியம், குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது. கீரையோடு தயிர் சேர்க்கக் கூடாது என்று வீடுகளில் சொல்வார்கள். ஆக்சலேட் கணக்குப்படி பார்த்தால் இரண்டும் ஒரே சாப்பாட்டில் இருப்பது நல்லதே. பாலக் கீரை, பீட்ரூட், முந்திரி, பாதாம் போன்றவற்றை அளவோடு சாப்பிடலாம். கீரையை வேகவைத்து நீரை வடித்துவிட்டால் ஆக்சலேட் குறையும்.

குறைக்க வேண்டியது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மோர் மிளகாய், பாக்கெட் நொறுக்குத்தீனி ஆகியவற்றிலேயே அந்த அளவு சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறது. எலுமிச்சைச் சாறு குடியுங்கள், உப்பில்லாமல். அதிலுள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கும். வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் அதிக அளவில் விழுங்குவது ஆக்சலேட்டைக் கூட்டும். பீர் குடித்தால் கல் போகும் என்பதை நம்ப வேண்டாம். அது யூரிக் ஆசிடைக் கூட்டும். கல் மறுபடி மறுபடி வருபவர்களும் இளவயதில் வந்தவர்களும் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ரத்தத்தில் கால்சியம் கூடியிருந்தால் பாராதைராய்டு சுரப்பியையும் பார்க்க வேண்டும்.

தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது எளிது. தூத்துக்குடி உப்பளத்தில் நிற்கும் பெண்ணுக்கும், ஜவுளிக்கடையில் பகல் முழுவதும் சேலை பிரித்துக் காட்டும் பெண்ணுக்கும் அதை எப்படிச் சொல்வது? ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். சுத்தமான கழிப்பறையும், அங்கே போய்வர அனுமதியும் இல்லாத வேலையிடம் நோயைத்தான் உண்டாக்கும். 2019-இல் கேரளப் பள்ளிகளில் மணியடித்துப் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கவைக்கத் தொடங்கினார்கள். அந்த 'வாட்டர் பெல்' தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. பள்ளிக்கு வந்தது பட்டறைக்கும் கடைக்கும் உப்பளத்துக்கும் வர வேண்டும். வேலை வாங்குபவர்களின் கடமை அது. கேட்டு வாங்குவது உழைப்பவர்களின் உரிமை.

கல் வந்தவர்கள் நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை சிகிச்சை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மறு ஸ்கேனில் கல் இல்லை என்று வந்துவிட்டதா? ஸ்டென்ட் வைத்திருந்தால் எடுத்தாகிவிட்டதா? கல் எந்த வகை என்று தெரிந்துவிட்டதா? தினமும் போதிய தண்ணீர் குடிக்கிறேனா? இந்த நான்குக்கும் 'ஆம்' என்று சொல்ல முடிந்தவர், வலி இல்லை என்பதை நம்பி நிம்மதியாக இருக்கலாம். மற்றவர்கள் மடித்து வைத்த அந்த ஸ்கேன் சீட்டை இந்த வாரமே எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.